மோதிரத்தின் எடை

கொளஞ்சியப்பன் அண்ணன் செல்போன் விளையாட்டுப் போட்டிக்கு எடை மெஷினோடு வந்து இறங்கியபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுசன் நல்லவர். அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் வாய் நிறையத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

என் பெயர் ஜெயசுதா. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் ‘வேங்கைக்களம்’ ஆடுவேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது போனில் ஆடுகிற சண்டை விளையாட்டு. இந்தப் பக்கம் ஒரு ஆள், அந்தப் பக்கம் ஒரு ஆள். நெட் இருந்தால் எந்த ஊரில் இருப்பவனோடும் மோதலாம். நம் ஆளுக்கு மாட்டிவிடும் வாள், கவசம், மோதிரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து கியர் என்று பெயர். கியரை ஆடி ஆடிச் சேர்க்கலாம். அல்லது காசைக் கொட்டி வாங்கலாம். இந்த ‘அல்லது’வுக்குள்தான் அந்தக் கம்பெனியின் அசிங்கம் மொத்தமும் இருக்கிறது.

பாரதி என் கடைக்கு வந்தது சார்ஜ் ஏறாத ஒரு பழைய போனோடு. கருணாபுரத்துப் பெண். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அம்மா செல்லியம்மாள் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள். அப்பா லோடு ஏற்றுகிறவர். போனைச் சரிசெய்து கொடுத்ததும் வேலை செய்கிறதா என்று பார்க்க அவள் வேங்கைக்களத்தைத் திறந்து ஒரு சண்டை போட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மூலையில் கீறல் விழுந்த திரையில், பாதி நேரம் விரலுக்கே கட்டுப்படாத போனில், எதிராளியின் வாள் ஒரு முறைகூட அவள் மேல் படவில்லை.

“எப்டிடீ?” என்றேன்.

“வாள தூக்கறதுக்கு முன்னாடி தோள் எறங்கும்க்கா. அத்த பாத்துக்கினே இருந்தா போதும்” என்றாள்.

நானும் அன்றிலிருந்து அந்தத் தோளைப் பார்க்கிறேன். எனக்கு அது இறங்குவது இன்றுவரை தெரியவில்லை. கண் இருந்தால் போதாது, அதற்கென்று ஒரு பிறவி வேண்டும் போலிருக்கிறது.

சித்திரையில் கொளஞ்சியப்பன் அண்ணனின் இளைஞர் மன்றம் வேங்கைக்களம் போட்டி நடத்தப்போவதாக நோட்டீஸ் ஒட்டியது. ஜெயிக்கிறவர் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அங்கே நன்றாக ஆடினால் விளையாட்டுக் குழுக்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். தங்க இடம், சாப்பாடு, மாதச் சம்பளம். நோட்டீஸை நான்தான் பாரதிக்குக் காட்டினேன். அவள் அம்மா அதற்குள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவரிடம் சொல்லி வைத்திருந்தாள். செல்லியம்மாள் கடைக்கே வந்து என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போனாள்.

“ஜெயிச்சா அவ இஷ்டம், மெட்ராசுக்குப் போவட்டும். இல்லன்னா மறுவாரமே வண்டி வருது, திருப்பூருக்கு ஏறிடணும். அப்புறம் நீ நடுவுல பூந்து பேசக் கூடாது.”

நான் தலையாட்டினேன். அந்தப் பெண் ஜெயிப்பாள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலவனாசூர்கோட்டை, களமருதூர் என்று சுற்றுவட்டாரத்தில் அவர் விசில் இல்லாமல் எந்தக் கபடியும் நடக்காது. எங்கள் பக்கம் கபடி என்றால் எடைக் கபடிதான். இத்தனை கிலோ போட்டி என்று நோட்டீஸ் அடித்துவிட்டால் ஒவ்வொருவனும் மெஷின்மேல் ஏறி நிற்க வேண்டும். முந்தைய நாளே சோறு தண்ணீரை விட்டுவிடுவார்கள். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வெயிலில் ஓடுவார்கள். அப்படியும் முள் கொஞ்சம் தாண்டினால் மெஷின் பக்கத்திலேயே குந்திக்கொண்டு எச்சிலைத் துப்பித் துப்பிக் குறைப்பார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்துப் போட்டவனைக்கூடப் பார்த்திருக்கிறேன். எடை தாண்டியதற்காகச் சொந்தத் தம்பியையே வெளியே அனுப்பியவர் அண்ணன். அந்தத் தம்பி இன்னும் அவரோடு பேசுவதில்லை.

வேங்கைக்களத்தில் ஒவ்வொரு கியர் மேலும் பவர் என்று ஒரு எண் போட்டிருக்கும். அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

“இதாம்மா எடை! ஒவ்வொருத்தன் மாட்டியிருக்கறதையும் கூட்டிப் பாப்போம். இவ்ளோக்கு மேல போவக் கூடாதுன்னு ஒரு வரம்பு. முடிஞ்சுது. ஏழையும் பணக்காரனும் ஒண்ணு.”

விளையாட்டு தெரிந்தவள் என்று என்னையும் கமிட்டியில் சேர்த்திருந்தார்கள். நான் என் போனில் ஒரு மோதிரத்தின் படத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். கரும்பனி மோதிரம் என்று பெயர். பவர் எண் சின்னக் குழந்தையின் வயசுதான் இருக்கும்.

“அண்ணே, அந்த எண்ணு எவ்ளோ அடிக்கும், எவ்ளோ தாங்கும்னு மட்டுந்தான் சொல்லும். இந்த மோதிரத்துக்கு எடை கம்மி, வேலை ஜாஸ்தி. இத போட்டவன் ஒரு அடி அடிச்சா எதிராளி அப்டியே உறைஞ்சு நின்னுடுவான். ரெண்டு நொடி இன்னா பட்டன் அமுக்குனாலும் நவுராது. அதுக்குள்ள இன்னொரு அடி. மறுபடியும் உறைவான். ஆடி வாங்க முடியாது, காசு குடுத்தாத்தான் இது.”

அண்ணன் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எடை கம்மின்னா கம்மிதாம்மா. ஒல்லியா கீறவன் புடி கெட்டியா இருந்தா அவன வெளிய அனுப்ப முடியுமா? அது அவன் கெட்டிக்காரத்தனம்.”

“புடி அவன் கையில கீது அண்ணே. இது கடையில கீது.”

அவருக்கு அது ஏறவில்லை. சரி என்று சுவிட்சைக் காட்டினேன். போட்டி அறையைத் திறக்கும் பக்கத்தில், கடைசியில், சின்ன எழுத்தில் ‘சமக் களம்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிவிட்டால் இரண்டு பேர் கியரும் கழன்றுவிடும். இருவருக்கும் ஒரே வாள், ஒரே கவசம். மோதிரமே கிடையாது. ஆடத் தெரிந்தவன் ஜெயிப்பான். இவ்வளவு எளிய விஷயம்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். அவருக்குப் பழக்கமான நியாயத்தை விட மனசில்லை, என் பேச்சைத் தள்ளவும் மனசில்லை. “ஆடறவங்களையே கேட்டுடலாம். கை தூக்கட்டும்” என்றார்.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாடிப்போய் நின்றது. மேடையில் எடை மெஷினுக்கு மாலை போட்டு வைத்திருந்தார் அண்ணன். அது இல்லாமல் ஒரு போட்டியும் நடத்தியதில்லையாம். மைக்கில் விஷயத்தைச் சொல்லிக் கை தூக்கச் சொன்னார். சுவிட்சுக்கு வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்த இரண்டு பேர் மட்டும் தூக்கினார்கள். மலையில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு, கியர் சேர்க்க அவர்களுக்கு எங்கே நேரம். எடைக்கு மண்டபமே கை தூக்கியது.

அதில் பாரதியின் கையும் இருந்தது.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

“ஒனுக்கு அறிவு கீதாடீ? சுவிட்ச போட்டா ஒன்ன யாரு ஜெயிக்கறது?”

“இறகுக் கவசம்க்கா” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு வருசம் ஆடி வாங்குனது. நெட்டு தீந்து போய், பக்கத்து வூட்டுல கெஞ்சி வாங்கி, தூக்கத்த வுட்டு வாங்குனது. எனுக்குன்னு கீறது அது ஒண்ணுதான். அத்த கழட்டி வச்சுட்டு, அல்லாருக்கும் குடுக்கற சட்டைய மாட்டிக்கினு நிக்கணுமாக்கா? எடை போடறதுதான நாயம். மெசின்ல ஆள பாத்து முள்ளு நவுராதுல்ல.”

ரேஷன் கடையிலும் பருத்தி எடுக்கும் காட்டிலும் தராசு ஏமாற்றியே பார்த்து வளர்ந்த பெண். சரியாக நிற்கிற ஒரு முள்ளைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட்டாள். இறகுக் கவசம் போட்டால் ஆள் காற்று மாதிரி விலகுவான். உழைத்து ஆடுகிறவர்களுக்கு அந்தக் கம்பெனி கொடுத்த ஒரே நல்ல பொருள் அதுதான்.

கை தூக்கி முடித்த பிறகுதான் வரம்பு எவ்வளவு என்று அறிவித்தார்கள். சும்மா ஆடுகிற பிள்ளைகளிடம் பொதுவாக என்ன இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்றாற்போல் வைத்தார்கள். ஒவ்வொருவராக மேசைக்கு வந்து போனைக் காட்ட, அண்ணன் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு கால்குலேட்டரில் கூட்டினார். பாரதியின் முறை வந்தது.

“தாண்டுதும்மா” என்றார்.

மறுபடி கூட்டினார். மறுபடியும் தாண்டியது. இறகுக் கவசத்தின் எண் ஒன்றே வரம்பு முழுவதையும் தின்றுவிட்டது. உழைத்துச் சேர்த்த பொருள் என்பதால் கம்பெனி அதன்மேல் பெரிய எண்ணாகப் போட்டு அழகு பார்த்திருந்தது. கபடிக்காரனாவது எச்சில் துப்பிக் குறைப்பான். இவளுக்குத் துப்ப ஒன்றுமில்லை. கவசத்தின்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு கழற்றிவிட்டு ஆரம்பத்தில் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கும் தகரக் கவசத்தை மாட்டினாள்.

அடுத்து சுபாஷ். களமருதூரில் நஞ்சை வைத்திருக்கும் வீட்டுப் பையன், கல்லூரியில் படிக்கிறான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். சோம்பேறி. சின்ன வாள், தகரக் கவசம், கூடவே கரும்பனி மோதிரம். கூட்டினால் வரம்பில் பாதிகூட வரவில்லை.

மைக் பிடித்தவன் பரவசமாகிவிட்டான். “பாருங்க மக்களே, இருக்கறதுலயே கம்மி எடை நம்ம சுபாசு! வசதியான வூட்டுப் புள்ள, எவ்ளோ எளிமையா வந்துகீறாரு!”

மண்டபம் கை தட்டியது. எழுந்து வெளியே போய் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தகரக் கவசத்தோடும் பாரதி ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி வந்தாள். வெள்ளிமலைக்காரர்களில் ஒருவன் அவளிடம் தோற்றுவிட்டு எழுந்து கை கொடுத்தான். இன்னொரு பக்கம் சுபாஷ் வந்துகொண்டிருந்தான். அவனோடு மோதியவர்கள் எழுந்து போகும்போது ஒருவர் முகத்திலும் தோற்ற வருத்தம் இல்லை. எரிச்சல்தான் இருந்தது. தன்னை ஆடவே விடவில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இறுதிச் சுற்றைப் பெரிய திரையில் போட்டார்கள். மைக் பிடித்தவன் இருவரையும் அறிமுகப்படுத்தினான். “கருணாபுரம் பாரதி” என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “கள்ளச்சாராயத்துல அத்தன உசுர பறிகொடுத்த மண்ணுலேர்ந்து, கண்ணீரோட வந்துகீற தங்கச்சி...”

“எனுக்கு ஒண்ணும் கண்ணீர் வரலண்ணா” என்றாள் பாரதி, பக்கத்து மைக்கில் கேட்கும்படி. “எங்கப்பா லோடு ஏத்தப் போய்கீறாரு. ஆட்டத்த ஆரம்பிங்க.”

அந்த ஒரு நொடி எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆட்டம் தொடங்கியது. முதல் அடியைத் தவிர்த்தாள், இரண்டாவதையும் தவிர்த்தாள். சுபாஷின் ஆள் வாளைக் கண்மூடித்தனமாகச் சுற்றிக்கொண்டிருந்தான். பாரதி நடுவே புகுந்து புகுந்து அடித்தாள். அவனுக்குப் பாதி உயிர் போனது. இறகுக் கவசம் இருந்திருந்தால் அவ்வளவுதான், கதை முடிந்திருக்கும். தகரக் கவசத்தில் கால் ஒரு இமைப்பொழுது தாமதம். அவன் வாளின் நுனி லேசாகப் பட்டது.

பாரதியின் ஆள் நீல நிறமாகி நின்றான்.

அவள் கட்டைவிரல்கள் போனைக் குத்திக்கொண்டே இருந்தன. திரையில் ஒன்றும் அசையவில்லை. சுபாஷ் அடித்தான். உறைவு விலகும் முன்னே மறுபடி அடித்தான். பாரதிக்குத் தோள் இறங்குவது தெரிகிறது. ஒவ்வொரு முறையும் தெரிகிறது. கண் முன்னாலேயே தெரிகிறது, விலகத்தான் முடியவில்லை. மண்டபம் சிரிக்க ஆரம்பித்தது. “ஐஸ் பொம்மை! ஐஸ் பொம்மை!” என்று யாரோ கத்த, மொத்தக் கூட்டமும் பிடித்துக்கொண்டது. சுபாஷ் ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் ரோஸ்மில்க் உறிஞ்சினான். அவன் நண்பர்கள் அதற்கும் விசிலடித்தார்கள். மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் இவ்வளவு கேவலமாக ஆகிவிடுகிறார்களே என்று எனக்கு அருவருப்பாக இருந்தது. கட்டிப் போட்டவனை அடிப்பதைப் பார்த்துச் சிரிக்க எப்படித்தான் மனசு வருகிறதோ.

பாரதியின் ஆள் நின்றபடியே செத்தான்.

அவள் போனை மடியில் வைத்துவிட்டு விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது. கபடியில் ஒருவனை ஏழு பேர் பிடித்தாலும் அவன் திமிற முடியும். திமிறவே முடியாத பிடியை அவர் அன்றுதான் பார்க்கிறார்.

“அந்த சுவிட்ச் எங்கம்மா இருந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இப்ப தெரிஞ்சு இன்னா அண்ணே பண்ணப் போறீங்க? போட்டு மறுபடி ஆட வுடுங்க.”

“அல்லாரும் கை தூக்குனதும்மா. எடையும் சரியா இருந்துச்சு. இப்ப மாத்துனா நான் ஓரவஞ்சன பண்ணுனேன்னுதான் பேசுவாங்க.”

தம்பியை வெளியே அனுப்பிய அதே நேர்மையோடு போய் சுபாஷின் கையைத் தூக்கிப் பிடித்தார். நான் மண்டபத்தில் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மறுவாரம் வண்டி வந்தது. பாரதி பையோடு என் கடை வாசலில் நின்று “வரேங்க்கா” என்றாள். நானும் செல்லியம்மாளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசியிருக்கலாம் என்று இன்றைக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

சென்னைப் போட்டியைக் கடையில் உட்கார்ந்து நேரலையில் பார்த்தேன். அங்கே ஒருவரையும் கை தூக்கச் சொல்லவில்லை. அறையைத் திறந்ததும் நடுவர் முதல் வேலையாக ‘சமக் களம்’ சுவிட்சைத் தட்டினார். எல்லாருக்கும் ஒரே வாள், ஒரே கவசம். சுபாஷின் விரலிலிருந்து மோதிரம் காணாமல் போனது. எதிரே மதுரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. டீ ஆறுவதற்குள் சுபாஷ் விழுந்துவிட்டான். அவள் பாரதி அளவுக்குக்கூட ஆடவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கசப்புதான் வந்தது. நேரான களம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது, கோணலான வழியாக வந்தவன் மட்டும்தான் அதன் வாசலை மிதிக்க முடிகிறது.

திரும்பி வந்த சுபாஷ் போனுக்குப் புதுக் கண்ணாடி ஒட்ட என் கடைக்கே வந்தான்.

“அநியாயம்க்கா” என்றான். உண்மையிலேயே மனம் நொந்து போயிருந்தான். “அல்லாருக்கும் ஒரே டிரெஸ்ஸ மாட்டி வுட்டுட்டானுங்க. நான் வாங்கி வச்சிருக்கறதுக்கு மதிப்பே இல்லையா? அப்புறம் எதுக்குக்கா வாங்கறது?”

கண்ணாடியை ஒட்டிக்கொண்டிருந்தபோதே அவன் போனில் கம்பெனியின் அறிவிப்பு வந்தது. என் கண்ணில்தான் முதலில் பட்டது. ‘ஆட்டத்தின் சமநிலையைக் காக்க, கரும்பனி மோதிரத்தின் உறைவு நேரத்தை இரண்டு நொடியிலிருந்து ஒன்றரை நொடியாகக் குறைத்துள்ளோம். மோதிரம் வைத்திருப்பவர்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு ஈடாகப் பரிசுப் பெட்டி அனுப்பியுள்ளோம்.’

மோதிரம் வைத்திருந்தவனுக்கு மனவருத்தமாம். உறைந்து நின்று அடி வாங்கியவர்களுக்கு ஒரு வரி இல்லை. அரை நொடியைக் கிள்ளிவிட்டு சமநிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒட்டிய கண்ணாடிக்குள் ஒரு காற்றுக்குமிழ் நின்றது. எடுக்காமல் அப்படியே கொடுத்து அனுப்பினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருப்பூரிலிருந்து பாரதி பேசினாள். பின்னால் ஹாஸ்டல் பெண்கள் துணி துவைக்கும் சத்தம். சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம் “நல்லாகீதுக்கா” என்று ஒரே பதில். பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“அக்கா, கம்பெனிக்காரன் எனுக்கும் ஒரு மெசேஜ் அனுப்பிகீறான். ‘உங்களை ரொம்ப நாளாகக் காணோம், திரும்பி வாங்க, கரும்பனி மோதிரம் ஒருநாள் இலவசம்’னு.”

“போட்டியா?”

“போட்டேங்க்கா. அது எப்டிதான் இருக்கும்னு பாக்கணும்னு தோணுச்சு. எதிர்ல யாரோ, பேரு தெரியாத ஆளு. தகரக் கவசம். ஆனா இன்னாமா ஆடுனான் தெரியுமா? என் தோள் எறங்கறத பாத்துப் பாத்து வெலகுனான்க்கா. நான் அடிச்சது ஒண்ணுகூட படல. கடைசில ஒரே ஒரு அடி லேசா பட்டுடுச்சு.”

“நின்னுட்டானா?”

“நின்னுட்டான். கம்பெனிக்காரன் நேரத்த கொறச்சிட்டேன்னு சொன்னது அல்லாம் சும்மாக்கா, அடுத்த அடிக்கு அந்த நேரமே போதும். என் கை பாட்டுக்கு அடிச்சுக்கினே கீது. அவன் எங்கயோ உக்காந்து பட்டன குத்திக்கினு கீறான்னு எனுக்குத் தெரியுது. போன கீழ வச்சுட்டேன்.”

“அப்புறம்?”

“அவன் தெளிஞ்சு வந்தான். நான் தொடவே இல்ல. என்ன அடிச்சு சாவடிச்சான். ஜெயிச்சதும் குதிச்சான் பாரு, குதிச்சுக்கினே இருந்தான்க்கா.” சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்பவே கணக்கோட கேம அழிச்சுட்டேன்.”

“இறகுக் கவசம்?” என்றேன்.

“அதுவும் சேந்துதான்க்கா போச்சு” என்றாள்.